வயிற்றுச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குறையாத வீக்கம்: எது இயல்பு, எதற்கு ஸ்கேன் தேவை?

கேள்வி: கீழக்கரை வாசகி

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு சிசேரியன் பிரசவங்களுக்குப் பிறகு தொங்கிவிட்ட வயிற்றுத் தோலுக்காகவும், நடுவில் விலகிப்போன தசைகளைச் சேர்த்துத் தைப்பதற்காகவும், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வயிற்றுச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். ‘டம்மி டக்’ என்று பலரும் சொல்வது இதைத்தான். அத்தோடு சேர்த்து, இடுப்பின் இரு பக்கங்களிலும் லைப்போசக்‌ஷன் முறையில் கொழுப்பையும் உறிஞ்சி எடுத்தார்கள். இப்போது மூன்று மாதங்கள் நிறைவடையப் போகின்றன. தையல் ஆறிவிட்டது, காய்ச்சல் இல்லை, கசிவும் இல்லை. வீக்கம் மட்டும் போகவில்லை.

காலையில் எழும்போது வயிறு ஏறக்குறையத் தட்டையாகவே இருக்கிறது. லுஹர் தொழுது, சமையல் வேலைகளை முடித்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் தழும்புக்கு மேலே ஒரு விரல் தடிமனுக்குப் புடைத்து நிற்கிறது. வயிற்றைச் சுற்றி அணியச் சொன்ன அழுத்த பெல்ட்டைக் கழற்றினால் அதன் ஓரம் அழுந்திய கோடு இரவு வரை மறைவதில்லை. அடிவயிற்றுக்கும் கீழே, சொல்வதற்குக் கூச்சமாக இருக்கும் இடத்திலும் வீக்கம் இறங்கியிருக்கிறது. தொப்புளுக்குக் கீழே தொட்டால் உணர்வு இல்லை.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினால் ‘நாளாகத்தான் செய்யும்’ என்ற பதிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நேரில் போய்வர வேண்டுமென்றால், பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, பேருந்தில் போக மூன்று மணி நேரமும் வர மூன்று மணி நேரமும் உட்கார வேண்டும். வீட்டிலோ ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தால் நீர் வடிந்துவிடும் என்கிறார் உம்மா. பெல்ட்டை இன்னும் இறுக்கச் சொல்கிறார் மாமி. துபாயில் இருக்கும் கணவர், உடன் வேலை பார்ப்பவர் சொன்ன நீர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடச் சொல்கிறார். இந்த வீக்கம் இயல்பானதுதானா, எதைப் பார்த்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், இராமநாதபுரம்

அன்புத் தங்கைக்கு,

அறுவைச் சிகிச்சை வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்று ஆகாது.

முதலில், மூன்றாவது மாதத்தில் வீக்கம் இருப்பதே தவறு என்று எண்ண வேண்டாம். பெரும்பகுதி வீக்கம் முதல் மூன்று மாதங்களில் வடியும். மிச்சம் ஆறு மாதம், ஓர் ஆண்டு வரைகூட நீளும். லைப்போசக்‌ஷனும் சேர்ந்திருந்தால் இன்னும் சற்று தாமதமாகும். காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. தொப்புளுக்குக் கீழுள்ள வயிற்றுத் தோலின் நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து வடியும் நீர், தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர்க் கணுக்களை நோக்கி இறங்கி ஓடுகிறது. தொப்புளுக்கு மேலுள்ளது அக்குளை நோக்கிப் போகிறது. இந்த அறுவைச் சிகிச்சையில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை அடிவயிற்றில் குறுக்கே வெட்டி, தோலையும் கொழுப்பையும் விலா எலும்பு வரை தசையிலிருந்து பிரித்துத் தூக்குகிறார்கள். அப்போது கீழே இறங்கும் நிணநீர்ப் பாதைகள் அறுபடுகின்றன. கலுங்கு அடைபட்ட கண்மாயில் கரையோரமாக நீர் ஏறி நிற்பது போல, தழும்புக்கு மேலே அது தேங்குகிறது. நாள் முழுதும் நின்றால் புவியீர்ப்பினால் கீழே இறங்குகிறது. இரவு படுத்தால் கலைந்துவிடுகிறது. காலையில் தட்டையாகவும் மாலையில் புடைத்தும் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பது இதனோடு பொருந்துகிறது. நீங்கள் கூச்சத்தோடு குறிப்பிட்ட இடத்து வீக்கமும் இதே காரணத்தால் மிகப் பலருக்கு வருவதுதான். அதைச் சர்ஜனிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். புதிய நிணநீர்ப் பாதைகள் தழும்பைக் கடந்து வளர்வதற்கு மாதங்கள் ஆகும்.

ஆனால், ‘நாளாகத்தான் செய்யும்’ என்ற பதிலோடு நானும் நிறுத்திக்கொள்ள மாட்டேன். தோலுக்குள் ஊறி நிற்கும் வீக்கம் ஒரு வகை. பிரித்த தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் நீர் சேர்ந்து நிற்பது இன்னொரு வகை. இரண்டாவதற்குச் செரோமா என்று பெயர். இந்த அறுவைச் சிகிச்சையின் பின்விளைவுகளில் அடிக்கடி காணப்படுவது அதுதான். முதல் வகையில் விரலால் சில நொடிகள் அழுத்தினால் குழி விழும். அது மெல்ல நிரம்பும். செரோமாவில் ஒரு பக்கம் லேசாகத் தட்டினால் மறுபக்கம் வைத்த கைக்கு அலை வந்து மோதும்; ஒருக்களித்துப் படுத்தால் புடைப்பு அந்தப் பக்கமாக நகரும்; காலையிலும் முழுமையாக வடியாது. உள்ளே சேரும் நீரை வெளியேற்ற வைக்கும் டிரெயின் குழாயைச் சீக்கிரமே எடுத்துவிட்டிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு நாளில் வடியும் நீர் ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகு எடுப்பதுதான் பல இடங்களில் உள்ள வழக்கம். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

செரோமாவை நெடுநாள் விட்டுவிட்டால் அதைச் சுற்றி ஒரு சவ்வுப்பை உருவாகிவிடும். அதன் பிறகு ஊசியால் உறிஞ்சினாலும் திரும்பத் திரும்ப நிரம்பும், சில வேளை அந்தப் பையையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். ஆகையால் ஐயம் இருந்தால் ஸ்கேன் எடுத்துவிடுவதே நல்லது. அதற்காக மதுரைக்குப் போக வேண்டியதில்லை. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எடுக்கலாம், நகரில் உள்ள ஸ்கேன் மையங்களிலும் எடுக்கலாம். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: ‘வயிற்று ஸ்கேன்’ என்று சீட்டில் இருந்தால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று எழுதித் தந்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது வயிற்றுச் சுவரின் அல்ட்ராசவுண்ட். தோலுக்கு அடியில், தசைக்கு மேலே நீர்த்தேக்கம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். சர்ஜனிடமிருந்தே அப்படி எழுதி வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். தோல் சிவந்து சூடாகிப் பரவுதல், குளிர்காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இருமும்போது ஓரிடத்தில் மட்டும் உருண்டையாகப் புடைத்தால் குடலிறக்கம் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆறிய தழும்பின் அருகே வாரங்கள் கழித்துச் சிவந்த கட்டிகள் தோன்றி, நீராகக் கசிந்து, வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அடங்காவிட்டால், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு சில கிருமிகள் காரணமாக இருக்கலாம். அவற்றுக்குத் கிருமியை வளர்த்துக் கண்டறியும் தனியான கல்ச்சர் பரிசோதனை கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பதும், திடீரென்று மூச்சு வாங்குவதும், நெஞ்சு வலிப்பதும். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். அந்த நிலையில் மதுரை வரை யோசிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

தினமும் காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில், தையல்காரர் டேப்பால் தொப்புள் மட்டத்திலும் தழும்புக்குச் சற்று மேலேயும் சுற்றளவு அளந்து எழுதி வைத்தால், சர்ஜனிடம் பேசும்போது ‘வீங்குகிறது’ என்ற ஒற்றைச் சொல்லைவிட அது அதிகம் உதவும்.


பதில்: பெரியபட்டினம் வாசகி

லாத்தா, எனக்கும் இதே அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. மருத்துவ விளக்கத்தைச் செவிலியர் அம்மா எழுதிவிட்டார்கள். பெல்ட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கரையோர வெயிலிலும் புழுக்கத்திலும் அதுதான் பெரிய பாடு.

அழுந்திய கோடு இரவு வரை மறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெல்ட் உட்காரும்போது மடிந்து சுருண்டு, அடிவயிற்றில் ஒரு கயிறாகக் கட்டிக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கும் சமையலறையில் கீழே உட்கார்ந்து மீன் அரியும்போது அப்படித்தான் சுருளும். சுருண்ட இடத்துக்குக் கீழே வீக்கம் இரட்டிப்பாகும். பெல்ட்டுக்குள் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும் என்றும், மேலும் கீழும் ஒரே அழுத்தமாக இருக்க வேண்டும் என்றும் என் மருத்துவர் சொன்னார். தொடை வரை வரும் உடையாக மாற்றியதும் சுருளுவது நின்றது. மாமி சொல்வதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பழைய சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டித்தானே பழக்கம்? ஆனால் அங்கே தோல் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. பலருக்கும் ஆறு வாரங்களோடு பெல்ட்டை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள். உங்களுக்கு இன்னும் தேவையா என்பதையே ஒருமுறை கேளுங்கள்.

வேர்க்குருவும் படர்தாமரையும் வந்துவிட்டால் அரிப்பில் தோல் கிழியும். இரண்டு உடைகள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்து, நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே அணியுங்கள். உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் போட்டால் வேர்வையை அது இழுத்துக்கொள்ளும்; அதிலும் மடிப்பு இருக்கக் கூடாது.

கருவாடு சாப்பிட்ட மறுநாள் எனக்கு வீக்கம் கூடுதலாகத் தெரியும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்பைத்தான் பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நெத்திலிக் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே வேளையில் இலையில் விழுந்தால் அந்தக் கணக்கு மதியத்திலேயே முடிந்துவிடும். பச்சை மீனை நன்றாகச் சாப்பிடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும், நமக்கு அதற்கு ஒரு குறையும் இல்லை.


கீழக்கரை வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். குழாய் எடுத்த தேதி இருக்கிறது, நீரின் அளவு எழுதப்படவில்லை. அம்மா சொன்னபடி படுத்துத் தட்டிப் பார்த்ததில், வலப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்கம் ஒருக்களித்தால் தொப்புளுக்குக் கீழே ஏதோ தளும்புகிறது. பெல்ட் சுருளுவதும் உண்மைதான். சர்ஜனிடம் ஸ்கேன் சீட்டு கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை உப்பு ஒத்தடம் கொடுக்கலாமா? அழகு நிலையம் ஒன்றில் நிணநீர் மசாஜ் செய்வதாக விளம்பரம் பார்த்தேன், அது பலன் தருமா?


பதில்: பிசியோதெரபிஸ்ட், சொந்த ஊர் தொண்டி

சகோதரி, ஒத்தடம் வேண்டவே வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தொட்டால் உணர்வில்லை என்று நீங்களே எழுதியிருப்பதுதான். தோலைப் பிரித்துத் தூக்கும்போது அதற்குப் போகும் சிறு நரம்புகளும் அறுபட்டுவிடுகின்றன. உணர்வு திரும்பப் பல மாதங்கள் ஆகும், சிலருக்குச் சிறு பகுதி மரத்தே இருந்துவிடும். வறுத்த கல்லுப்பு மூட்டை எவ்வளவு சூடு என்பதை உம்மாவின் உள்ளங்கை உணரும், உங்கள் வயிறு உணராது. தோல் வெந்து கொப்புளம் கிளம்பிய பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: தொப்புளுக்கும் தழும்புக்கும் இடைப்பட்ட அந்தத் தோல்தான் இந்த அறுவைச் சிகிச்சையில் இரத்த ஓட்டம் மிகக் குறைந்துபோகும் பகுதி. மற்ற இடத்தில் ஒரு வாரத்தில் ஆறும் தீப்புண் அங்கே நெடுநாள் ஆறாமல் நிற்கும். ஹாட் வாட்டர் பேக் வைத்து இப்படிச் சுட்டுக்கொண்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். வெப்பம் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் வீக்கமும் அதிகமாகுமே தவிரக் குறையாது. ஐஸ் கட்டியை நேரடியாக வைப்பதும் இதே காரணத்தால் கூடாது.

மசாஜைப் பொறுத்தவரை, 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோட்டர் வகுத்த முறையைத்தான் இன்று கையால் செய்யும் நிணநீர் வடிப்பு என்கிறார்கள். அது எண்ணெய் தேய்த்துப் பிசைவது போன்றதல்ல. தோலை மட்டும் மிக மெதுவாக நகர்த்துவது. செய்பவரின் விரல் அழுத்தம் தசை வரை எட்டினாலே அது அந்த முறையிலிருந்து விலகிவிட்டது என்று பொருள். உங்களைப் போன்றவர்களுக்குக் கீழ்ப்பாதை தழும்பால் தடைபட்டிருப்பதால், தடைபடாத பாதைகளை முதலில் தூண்டிவிட்டு, பிறகு நீரை அக்குள் பக்கமாகவும், தழும்பைச் சுற்றிப் பக்கவாட்டிலும் வழிநடத்துவோம். பாதை தெரியாதவர் தழும்பை நோக்கித் தள்ளினால் ஒரு பயனும் இல்லை. பலருக்கு இது இதமாக இருக்கிறது, இறுக்கம் தளர்கிறது. ஆனாலும் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இதற்கு உறுதியான ஆய்வு ஆதாரம் கிடையாது என்பது என் கருத்து. எப்படியானாலும், உள்ளே நீர்த்தேக்கம் இருக்கிறதா என்று தெரியும் முன் யாரையும் வயிற்றில் கைவைக்க விடாதீர்கள். தேங்கிய நீரை மசாஜ் கரைக்காது. ஊசி போட்டு எடுத்துவிடுகிறேன் என்று சொல்லும் அழகு நிலையங்கள் பக்கமே போக வேண்டாம்.

செலவில்லாத ஒன்று மூச்சுப் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, விலாக்கள் விரியும்படி மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடுங்கள். உதரவிதானம் ஏறி இறங்கும்போது மார்புக்குள் உள்ள பெரிய நிணநீர்க் குழாயில் ஓட்டம் கூடுகிறது. வெயில் தாழ்ந்த பிறகு மெதுவாக நடங்கள். நின்றுகொண்டே செய்யும் வேலையை இடையிடையே நிறுத்தி, கால்களைச் சற்று உயர்த்திச் சாய்ந்து படுங்கள். மதியம் ஒருமுறை படுத்து எழுந்தாலே மாலை வீக்கத்தில் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று: விலகிய தசைகளைச் சேர்த்துத் தைத்திருப்பதால் வயிற்றுக்குள் இடம் குறைந்திருக்கும். வாயுவோ மலச்சிக்கலோ ஏற்பட்டால் அது வெளியே புடைப்பாகத் தெரியும்; அதையும் பலர் வீக்கக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.


பதில்: மருந்தாளுநர், சாயல்குடி

நீர் மாத்திரையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். ஃபுரோசமைடு போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தின் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. உங்களுக்குள்ள குறை சிறுநீரகத்தில் இல்லை, தோலுக்குள் பாதை அறுபட்டதில் இருக்கிறது. ஆகவே வயிறு அப்படியே இருக்க, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து தசைப்பிடிப்பும் தலைச்சுற்றலும்தான் வரும். ஏற்கெனவே வேர்த்துக் கொட்டும் இந்தப் பருவத்தில் மயங்கி விழவும் நேரலாம். மருந்துச் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது, கடைக்காரர் கொடுக்கவும் கூடாது.

வலிக்காக டைகுளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவற்றை இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால் சர்ஜனிடம் சொல்லுங்கள். அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் காலில் வீக்கம் தரும். முகமோ இரு கால்களுமோ சேர்ந்து வீங்கினால் தைராய்டு, சிறுநீரகம், இரத்தத்தில் அல்புமின் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.


கீழக்கரை வாசகி

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. சொல்லிக்கொடுத்தபடி ‘வயிற்றுச் சுவர்’ என்று எழுதி வாங்கிப் போனேன். இடப்பக்கம் தொப்புளுக்குக் கீழே மெல்லிய நீர்த்தேக்கம் இருப்பதாகவும், சவ்வு தடிக்கவில்லை என்றும், குடலிறக்கம் இல்லை என்றும் அறிக்கை வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் சர்ஜனே நேரில் வரச் சொல்லி, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசியால் உறிஞ்சி எடுத்தார். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. மரத்துப்போன இடம் என்பதால் வலி தெரியவில்லை. மற்ற வீக்கம் முழுவதும் தோலுக்குள் உள்ளது, அது தானாக வடியும் என்றார். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். மீண்டும் நீர் சேருமா? தொழுகையில் சுஜூது (நெற்றி தரையில் படக் குனிந்து வணங்குவது) செய்யலாமா என்று கேட்க மறந்துவிட்டேன்.


பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், இராமநாதபுரம்

தெளிந்த வைக்கோல் நிற நீர் என்பது நல்ல செய்தி. கலங்கலாகவோ சீழாகவோ இருந்திருந்தால் அதைக் கல்ச்சருக்கு அனுப்பியிருப்பார்கள். மீண்டும் சேர வாய்ப்பு உண்டு. ஒரே முறையில் முடிவது சிலருக்கு மட்டுமே. ஒவ்வொரு முறையும் எடுக்கும் அளவு குறைந்துகொண்டே வந்தால் இரு பரப்புகளும் ஒட்டத் தொடங்கிவிட்டன என்று பொருள். குறையாமல் அதே அளவில் நின்றால் சிறு குழாய் வைப்பதையோ, பரப்புகள் ஒட்டுவதற்கான மருந்து செலுத்துவதையோ சர்ஜன் யோசிப்பார். ஆகவே இந்த முறை எத்தனை மில்லி எடுத்தார்கள் என்பதை அவரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஊசி போட்ட துளை சிவக்கிறதா, காய்ச்சல் வருகிறதா என்று சில நாட்களுக்குக் கவனியுங்கள். நீர் எடுத்த இடத்தில் பெல்ட் சீராக அழுந்தியிருப்பது இப்போது தேவைதான். பெரியபட்டினத்துத் தங்கை சொன்னபடி சுருளாத உடையாக அது இருக்கட்டும்.

சுஜூதைப் பற்றிச் சர்ஜனிடம் தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். தைத்த தசை மூன்று மாதத்தில் பெரும்பாலும் உறுதிப்பட்டிருக்கும் என்பதால் அவர் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் நீர் எடுத்த பகுதி மடிந்து உரசும் என்பதால் அடுத்த ஸ்கேன் வரை நாற்காலியில் அமர்ந்து தொழச் சொல்லக்கூடும். மதுரைப் பயணத்தில் வழியில் பேருந்து நிற்கும்போதெல்லாம் இறங்கிச் சற்று நடந்துவிட்டு ஏறுங்கள், தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள்.